பத்தாம் வகுப்புப் பையன், 100 மீட்டர் 11.3: அடுத்த இரண்டு வருடம் எப்படிக் கொண்டுபோவது?

கடலோர பி.டி. எழுதியது:

மண்டபம் வட்டாரத்து அரசுப் பள்ளி. மாணவன் பத்தாம் வகுப்பு, 15 வயது, உயரம் 168 செ.மீ., எடை 52 கிலோ. போன வருடத்தில் மட்டும் 7 செ.மீ. வளர்ந்திருக்கிறான். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். குறுவட்டப் போட்டியில் 17 வயதுக்குட்பட்ட பிரிவில் 100, 200, நீளம் தாண்டுதல் மூன்றிலும் முதலிடம். 4x100 தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாகவும் ஓடினான். எல்லாம் ஒரே நாளில். 100 மீட்டரில் ஸ்டாப்வாட்ச் காட்டியது 11.3. மண் தரை, வெறுங்கால், ஸ்டார்ட்டிங் பிளாக் (கால் ஊன்றிக் கிளம்புவதற்கான பலகைச் சட்டம்) கிடையாது.

மாவட்டப் போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. இந்த 11.3-ஐ எவ்வளவு நம்பலாம்? ஊரில் ஆளாளுக்கு "கடற்கரை மணலில் தினமும் விரட்டு" என்கிறார்கள், அது சரியா? உடல்வாகு 400-க்குத்தான் பொருந்தும், மாற்றிவிடு என்றும் சிலர் சொல்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு இந்த வருடமே முயலலாமா, பத்தாம் வகுப்பு முடியட்டுமா? கூடவே இன்னொன்று: ஓடி முடித்தபின் இடது முட்டிக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி என்கிறான், தொட்டாலும் வலிக்கிறது.

நான்காம் தடம்:

சார், முதலில் அந்த 11.3-ஐப் பிரித்துப் பார்த்துவிடுவோம். மற்ற முடிவெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

வாட்சை எதைப் பார்த்து அமுக்கினார்கள்? விதிப்படி துப்பாக்கியின் புகையையோ ஒளியையோ பார்த்து அமுக்க வேண்டும், சத்தத்தைக் கேட்டு அல்ல. பள்ளிப் போட்டியில் பெரும்பாலும் விசில், இல்லாவிட்டால் கட்டைத் தட்டு. நம்மூர் வெக்கையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 100 மீட்டர் தள்ளி முடிவுக் கோட்டில் நிற்பவர் காதில் விழ 0.28 விநாடி ஆகிவிடும். அந்த 0.28 முழுவதும் பையனுக்குச் சும்மா கிடைத்த வரவு. அதன்மேல், கை நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 கூட்டுவது வழக்கம் (400-க்கு 0.14). இரண்டையும் கூட்டினால் 11.82. வாட்ச் 11.31 என்று காட்டியிருந்தால் அதை 11.4 என்றுதான் எழுத வேண்டும், கை நேரத்தை எப்போதும் மேலே உள்ள பத்தில் ஒன்றுக்கே கொண்டுபோக வேண்டும். இதைப் பல இடங்களில் கடைப்பிடிப்பதில்லை.

தூரத்தையும் ஒரு முறை சரிபாருங்கள். நைலான் கயிற்றால் அளந்த மைதானம் என்றால் இழுவைக்குத் தக்கபடி நீளம் மாறும். கடைசி ஒரு மீட்டருக்கு 0.1 விநாடிக்கு மேல் ஆகிறது, ஆகவே ஒன்றரை மீட்டர் குறைந்தாலே நேரம் அழகாகத் தெரியும். ஸ்டீல் டேப் தவிர வேறெதுவும் வேண்டாம். பிறகு காற்று. பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் போனால் சாதனைக் கணக்கில் சேராது. 2.0 மீட்டர் என்பது மணிக்கு வெறும் 7.2 கி.மீ.; உங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் அது காற்றே இல்லாத நாள். மைதானம் எந்தத் திசையில் கிடக்கிறது என்று பார்த்து, எதிர்த் திசையிலும் ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள்.

ஆகவே மனதில் 11.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தளர வேண்டாம். வெறுங்கால், மண், பிளாக் இல்லாமை மூன்றும் எதிர்ப்பக்கம் இழுத்தவை. 52 கிலோ எடையில், பயிற்சி என்று எதுவும் இல்லாமல் இந்த நேரம் வந்தால் அவனிடம் வேகம் இருக்கிறது.

100 மீட்டர் நேரத்தைவிட அவனுடைய உச்ச வேகம்தான் உண்மையைச் சொல்லும். ஒரே நேர்கோட்டில் 50 மீட்டர் அளந்து 30-லும் 50-லும் குறி போடுங்கள். 40 மீட்டர் புள்ளிக்கு நேரே, பாதையிலிருந்து 15 மீட்டர் தள்ளி, போனை ஸ்டாண்டில் நிறுத்தி விநாடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். பாதையோரம் கம்பு நடும்போது ஒரு சூட்சுமம் உண்டு. குறிக்கு நேர்ப் பக்கத்தில் நட்டால், போன் சாய்கோணத்தில் பார்ப்பதால் 20 மீட்டருக்கு மேல் அளந்துவிடும். போனில் பார்க்கையில் கம்பும் பாதை நடுவில் உள்ள குறியும் ஒரே கோட்டில் விழுகிற இடத்தில் நட வேண்டும். பையன் முதல் 30 மீட்டரில் வேகம் பிடித்து, அடுத்த 20 மீட்டரை முழு வேகத்தில் கடக்கட்டும். இடுப்பு முதல் கம்பைக் கடக்கும் பிரேமிலிருந்து இரண்டாம் கம்பைக் கடக்கும் பிரேம் வரை எண்ணி 240-ஆல் வகுத்தால் நேரம். 490 பிரேம் வந்தால் 2.04 விநாடி, அதாவது விநாடிக்கு 9.8 மீட்டர். மாதம் ஒரு முறை, காற்று அடங்கிய நேரத்தில், இதே இடத்தில் எடுத்துக் குறித்து வையுங்கள். அடுத்த இரண்டு வருடமும் நீங்கள் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

போட்டிச் சுமை பற்றி. குறுவட்டத்தில் அவன் செய்ததைக் கூட்டிப் பாருங்கள்: 100 ஹீட்ஸ் (தகுதிச் சுற்று), ஃபைனல், 200 ஹீட்ஸ், ஃபைனல், ரிலே, நடுவே ஆறு தாண்டல் வரை. ஐந்து முழு வேக ஓட்டம், அதுவும் வெயிலில், பிரியாணிப் பொட்டலத்துக்கு முன்னும் பின்னுமாக. இப்படி ஓடவிட்டுத்தான் பின்தொடை கிழிகிறது. பள்ளிக்குப் புள்ளி வேண்டும், தலைமையாசிரியர் கேட்பார், புரிகிறது. இருந்தாலும் மாவட்டத்தில் 100, 200, ரிலே மூன்றோடு நிறுத்துங்கள். முட்டி வலியும் இருப்பதால் நீளம் தாண்டுதலை விட்டுவிடுவது நல்லது.

400-க்கு இப்போது மாற்றாதீர்கள். சீசனில் ஒன்றிரண்டு 400 ஓடட்டும், கெடுதல் இல்லை. ஆனால் 400 பயிற்சிக்கு மாற்றினால் 300 மீட்டர், 500 மீட்டர் என்று களைப்போடு ஓடுகிற ஓட்டம் கூடும், முழு வேக ஓட்டம் குறையும். வேகத்தை 15-லிருந்து 18-க்குள் வளர்த்துக்கொள்வது எளிது. ஓட்டத் தாக்குப்பிடிப்பை 20 வயதிலும் கட்டிக்கொள்ளலாம்.

உசைன் போல்ட் கதையை எல்லாரும் பாதிதான் சொல்வார்கள். 2002-ல் கிங்ஸ்டனில் உலக ஜூனியர் 200 மீட்டரை 20.61-ல் வென்றபோது அவருக்கு 15 வயது. அடுத்த வருடம் ஜமைக்கா பள்ளிகள் போட்டியில் 20.25, 400-ல் 45.35. 2004-ல் 19.93. அதே வருடம் பின்தொடைக் காயம், ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே வெளியே. மறுபக்கம் அனிமேஷ் குஜூர், பள்ளியில் கால்பந்து ஆடியவர். 2025 ஜூலையில் 100 மீட்டரை 10.18-ல் ஓடி அப்போதைய தேசியச் சாதனையைப் படைத்தார். பதினைந்தில் பெயர் எடுக்காவிட்டால் குடி முழுகிவிடாது.

கச்சான்:

மணல் பத்தி நான் சொல்றேன் சார். மணல்ல ஓடினா வேகம் கூடும்னு நம்ம கரையில தலைமுறையா சொல்லிட்டு வர்றாங்க. பாதிகூட உண்மை இல்ல.

உதிரி மணல்ல ஓட, கட்டித் தரையவிட ஒன்றரை மடங்குக்கு மேல சக்தி செலவாகும். கால் புதையுது, தரை திருப்பித் தள்ளாது, பாதம் தரையில கெடக்கிற நேரம் கூடுது. வேக ஓட்டத்துக்குத் தேவை இதுக்கு நேர் எதிரானது: பட்டுன்னு ஊனி பட்டுன்னு எடுக்கணும். தினம் மணல்ல விரட்டினா மெதுவா ஊனுறதுக்கே கால் பழகிடும். அதோட குதிகால் நரம்பும் உள்ளங்காலும் வலி பிடிக்கும்.

மணல எதுக்கு வச்சுக்கலாம்னா, வாரம் ஒரு நாள் லேசான ஓட்டத்துக்கு. 60-70 சதவீத வேகத்துல 80 மீட்டர் எட்டு தடவ, திரும்ப நடந்து வர்றதுதான் ஓய்வு. அதுவும் அலை ஓரத்து ஈர மணல்ல போகாதீங்க. கட்டியா இருக்கும், ஆசையா இருக்கும், ஆனா கடல் பக்கம் சரிவு. ஒரே திசையில ஓடினா ஒரு இடுப்பு ஏறியும் ஒண்ணு இறங்கியும் நிக்கும். எதிர்த் திசையில அதே தூரம் திரும்பி ஓடினாத்தான் சரியாகும்.

வேக ஓட்டம் பள்ளி மைதானத்துலதான். மண் இறுக, முந்தின நாள் சாயங்காலம் ஒரு பாதைக்கு மட்டும் தண்ணி தெளிச்சு வைங்க. அப்புறம் கருவேல முள். நம்ம பக்கம் மைதானத்தச் சுத்தி சீமைக் கருவைதான், காத்துக்கு முள்ளு வந்து கெடக்கும். விளக்குமாத்தால தினம் அந்த ஒரு பாதைய மட்டும் கூட்டச் சொல்லுங்க. கருவ முள் ஒடிஞ்சு உள்ள நின்னுச்சுன்னா வெளிய காயம் ஆறிடும், உள்ள சீழ் கோத்து நாலு வாரம் படுக்க வச்சிடும். ஊசி வச்சு நோண்டாம ஆஸ்பத்திரியில எடுக்கணும். 16 வயசுல போடுற டி.டி. தடுப்பூசியும் விட்டுப்போகாம போட்டுடுங்க.

வாரத்துக்கு மூணு நாள் வேகம் போதும், நடுவுல 48 மணி நேரம் இடைவெளி. திங்கள்: 10 மீட்டர் 4, 20 மீட்டர் 4, 30 மீட்டர் 3. மொத்தம் 210 மீட்டர், அவ்வளவுதான். புதன்: மேல சார் சொன்ன அந்த 30 ஓடி 20 பறக்கிற ஓட்டம், நாலு தடவ. வெள்ளி இல்லன்னா சனி: 80 மீட்டர் 3, இல்லன்னா 120 மீட்டர் 2. ஓய்வுதான் இதுல முக்கியம். 10 மீட்டருக்கு ஒரு நிமிஷம் கணக்கு. 30 மீட்டர் ஓடினா மூணு நிமிஷம், 80 ஓடினா எட்டு நிமிஷம். "பையன் சும்மா நிக்கிறானே"ன்னு ஊர்ல பேசுவாங்க, பேசட்டும். மூச்சு வாங்க மறு ஓட்டம் விட்டா அது வேகப் பயிற்சி இல்ல, களைப்புப் பயிற்சி. பறக்கிற ஓட்டத்துல நேரம் 3 சதவீதம் இறங்கினா, அதாவது 2.04 எடுக்கிறவன் 2.10-க்கு மேல போனா, அன்னைக்கு மூட்டை கட்டிடணும்.

காத்த வேஸ்ட் பண்ணாதீங்க. கச்சான் முகத்துல அடிக்கிற திசையில 10, 20 மீட்டர் கிளம்புற ஓட்டம்; காத்து முதுகுல விழுற திசையில பறக்கிற ஓட்டம். எதிர்காத்துல உடம்ப முன்னால சாய்க்கிறது தானா வரும்.

காலையில ஓடவிட்டா வார்ம்-அப் அரை மணி நேரம் வேணும், தூங்கி எழுந்த உடம்பு இறுகிக் கெடக்கும். 500 மீட்டர் மெல்லோட்டம், கால் வீச்சு, முட்டி தூக்கித் துள்ளல், அப்புறம் 40 மீட்டர் மூணு தடவ 70, 80, 90 சதவீதத்துல. ஏலுமானா சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வைங்க. அப்பாகூட ராத்திரி கடலுக்குப் போய்ட்டு வந்த மறுநாள் வேக ஓட்டமே வேண்டாம்.

பாக்ஜலசந்தி:

கச்சான் அண்ணே, மணலை இவ்வளவு ஒதுக்க வேண்டாம். கால் பாதத்தின் சின்னத் தசைகள் வலுப்பெற வெறுங்கால் மணல் நடை, மணலில் தாவல் எல்லாம் நல்லதுதானே? மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி வெறுங்காலில் ஓடித் தொடங்கியவர்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 வரை போனார்.

கச்சான்:

நடை, தாவல், ஒத்தக் கால்ல நின்னு சமன் பிடிக்கிறது, அதெல்லாம் சரி, பத்து நிமிஷம் செய்யட்டும். முழு வேக ஓட்டத்தத்தான் மணல்ல வேண்டாங்கிறேன். ரேவதி வெறுங்கால்ல ஓடினது காசில்லாம. அதப் பயிற்சி முறைன்னு எடுத்துக்கக் கூடாது தம்பி.

எலும்பு தசை:

பிசியோதெரபி பக்கமிருந்து சில குறிப்புகள்.

முட்டிக்குக் கீழே எலும்பு மேட்டில் தொட்டால் வலி, வேகமாக வளர்கிற வயது, தாண்டுகிற பையன். மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் ஆஸ்குட்-ஷ்லாட்டர். முன்தொடைத் தசையின் நாண், இன்னும் முழுதாகக் கெட்டிப்படாத எலும்பு முனையை இழுப்பதால் வருவது. இடது கால் அவன் தாண்டுகிற காலாகவும் இருந்தால் அதற்கான வாய்ப்பு இன்னும் கூடும். ஓட்டத்தை முழுசாக நிறுத்த வேண்டியதில்லை. தாண்டல், தவளைக் குதி, முழுதாகக் குந்தி எழுதல் மூன்றையும் ஆறு வாரம் நிறுத்துங்கள். பயிற்சிக்குப் பின் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம். முன்தொடையைத் தினமும் 30 விநாடி வீதம் மூன்று முறை நீட்டட்டும். பத்துக்கு மூன்று என்ற அளவு வலி வரை ஓடலாம். அதற்கு மேல் போனாலும், மறுநாள் காலை நொண்டினாலும் இரண்டு நாள் ஓய்வு. மேடு சில பேருக்கு அப்படியே நின்றுவிடும், அதனால் தொல்லை இல்லை. இரவில் வலித்தாலோ முட்டியே வீங்கினாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது இடுப்பும் உட்காரும் எலும்பும். பெரியவர்களுக்குப் பின்தொடைத் தசை கிழிகிற அதே இழுப்பில், 15-16 வயதுக்காரர்களுக்குத் தசை ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டே பிய்ந்து வரும். அடையாளம்: முழு வேகத்தில் ஓடும்போதோ பிளாக்கிலிருந்து கிளம்பும்போதோ "டப்" என்று ஒரு உணர்வு, உடனே ஓட முடியாமல் நிற்பது, உட்கார்ந்தால் பிட்டத்தின் அடியில் அல்லது இடுப்பின் முன்முனையில் குத்தல். இதற்கு எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். நம் பக்கம் செய்வது என்ன? சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். முதல் மூன்று நாள் உருவினால் உள்ளே இரத்தக்கட்டு பெருகும்; எலும்பு பிய்ந்திருந்தால் இன்னும் விலகும். வலி மரக்கிற ஸ்பிரே அடித்து ஃபைனல் ஓடவைப்பதும் இதே ரகம்.

ஒரு வருடத்தில் 7 செ.மீ. என்றால் வளர்ச்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரம் அளந்து குறியுங்கள். உயரம் கிடுகிடுவென ஏறும் காலத்தில் ஓட்ட நேரம் நின்றுபோகும், சமயத்தில் பின்னுக்கும் போகும். கால் நீண்டுவிட்டது, தசை இன்னும் பழகவில்லை. அந்த மாதங்களில் தூரத்தைக் கூட்டி "சரிசெய்ய" முயல்வதால்தான் காயம் வருகிறது. தோளில் கனமான எடை இப்போது வேண்டாம். தன் உடல் எடையிலேயே ஒற்றைக்கால் குந்தல், இடுப்புத் தூக்கல், முட்டிபோட்டு நின்று பின்னால் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள மெதுவாக முன்னே சாய்தல். இந்தக் கடைசிப் பயிற்சி வாரம் இரு முறை, நான்கு சாய்வு வீதம் இரண்டு சுற்று. பின்தொடைக்கு இதைவிட மலிவான காப்பு இல்லை. போட்டிக்கு முந்தின மூன்று நாளில் செய்யக் கூடாது, தசை வலி பிடிக்கும்.

சாப்பாடு. 52 கிலோவுக்கு நாளைக்கு 75 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20, ஒரு முட்டையில் 6, ஒரு கைப்பிடி வறுகடலையில், 50 கிராம் என்று வையுங்கள், 12. சத்துணவு முட்டையை அவன் விட்டுவிடாமல் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வீட்டில் வருமானமும் மீனும் ஒன்றாகக் குறையும் 61 நாள் அது. கோடைப் பயிற்சியும் அப்போதுதான். அந்த நாட்களுக்குக் கொண்டைக்கடலை, பாசிப்பயறு, முட்டை என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். கருவாடு நல்ல புரதம், உப்பைக் கழுவிச் சமைக்கட்டும். வெயில் நாளில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஜிம் பையன்கள் தருகிற பவுடர் எதுவும் வேண்டாம்.

பவுடரோடு சேர்த்து இருமல் மருந்தையும் சொல்கிறேன். மாநிலப் போட்டிக்கு மேல் போனால் ஊக்கமருந்துச் சோதனை வரலாம், சிறுவர்களுக்கும் விலக்கில்லை. மெடிக்கலில் கேட்டால் சாதாரணமாகத் தருகிற சில இருமல் சிரப்புகளில் டெர்பியூட்டலின் உண்டு. அது எல்லா நேரமும் தடை. சளி மாத்திரைகளில் வருகிற சூடோஎபிட்ரின், ஒவ்வாமைக்கு வாங்கி முழுங்குகிற டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் எல்லாம் போட்டிக் காலத்தில் சிக்கல். பாட்டிலின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், மருத்துவரிடம் "ஓட்டக்காரன்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

ஃபைல் அண்ணாச்சி:

ஹாஸ்டல் கேள்விக்கு மட்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பள்ளி விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குத்தான் சேர்க்கை. பத்தில் இருப்பவன் இப்போது சேர வழியில்லை, ஆகவே உங்கள் குழப்பம் தானாகத் தீர்ந்தது. பொதுத்தேர்வு முடிந்த கையோடு, கோடை விடுமுறையை ஒட்டி அறிவிப்பு வரும், விண்ணப்பம் இணையத்தில். மார்ச் மாதத்திலிருந்தே ஆணையத்தின் தளத்தைப் பாருங்கள். பொதுத்தேர்வுக்காக ஆறு வாரம் ஓடாமல் கிடந்த பையனை ஹாஸ்டல் தேர்வு நாளில் கொண்டுபோய் நிறுத்தினால் அன்றைக்கு அவன் ஓடுகிற நேரம்தான் அவனுடைய நேரம். பொதுத்தேர்வுக் காலத்திலும் வாரம் இரண்டு நாள், நாற்பது நிமிடம் விடாதீர்கள்.

காகிதம்: பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவு) மூன்றிலும் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மீனவக் குடியிருப்புகளில் அப்பா பெயர் ஆதாரில் ஒரு விதம், பள்ளியில் ஒரு விதம் என்று கிடக்கும். இப்போதே திருத்துங்கள், ஹாஸ்டல் தேர்வு வாரத்தில் அதற்காக அலையாதீர்கள். இந்தியத் தடகளச் சம்மேளனத்தின் போட்டிகளுக்குத் தனி அடையாள எண் பதிவு வேண்டும், பள்ளி வழியில் போகும் குடியரசு தினப் போட்டிகள் வேறு பாதை. இரண்டையும் நடத்துங்கள். முதலமைச்சர் கோப்பைப் பள்ளிப் பிரிவிலும் பெயர் கொடுங்கள்.

சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள், சரிபார்ப்பில் முத்திரை மையைத் தொட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. மத்திய அரசுப் பணியின் விளையாட்டு ஒதுக்கீட்டில் படிவம் 1 சர்வதேசப் போட்டிக்கு, 2 தேசியப் போட்டிக்கு, 3 பல்கலைக்கழகங்களுக்கு இடையிலானது, 4 தேசியப் பள்ளி விளையாட்டு. மாவட்டச் சான்றிதழ் அங்கே எடுபடாது என்பதை வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒரு தங்கம் வந்தவுடன் "வேலை கிடைத்துவிடும்" என்று நம்பி, படிப்பை விட்ட பிள்ளைகள் இந்தக் கரையில் நிறையப் பேர்.

கடலோர பி.டி.:

எல்லாருக்கும் நன்றி. நீளம் தாண்டுதலை எடுத்துவிட்டேன். இடது காலில்தான் தாண்டுகிறான். அடுத்த சந்தேகம்: மாவட்டத்தில் பிளாக் கட்டாயம் என்கிறார்கள். பள்ளியில் பழைய இரும்பு பிளாக் ஒன்று இருக்கிறது, ஆனால் எங்கள் மண்ணில் நிற்காமல் பின்னால் வழுக்குகிறது. ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ) இப்போது வாங்கலாமா?

நான்காம் தடம்:

ஸ்பைக்ஸ் வாங்குங்கள், ஆனால் போட்டிக்கு முந்தின வாரம் அல்ல, இந்த வாரமே. வெறுங்காலில் பழகியவனுக்குக் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் முதலில் எரியும். முதல் வாரம் வார்ம்-அப் முடிந்தபின் 30 மீட்டர் இரண்டு ஓட்டம் மட்டும், அடுத்த வாரம் நான்கு, மூன்றாம் வாரத்தில்தான் முழுப் பயிற்சி. வளர்கிற கால் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் உள்ளே பாதம் வழுக்கும். அரை சைஸுக்கு மேல் விடாதீர்கள். மண் தரைக்கு 9 மி.மீ. ஆணி. சிந்தெடிக் தளத்தில் 9-தான் உச்ச வரம்பு, 6 அல்லது 7 போதும். கடல் காற்றில் ஆணியின் மரை துருப்பிடித்து ஷூவோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கியவுடன் எல்லா ஆணியையும் கழற்றி, மரையில் கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் துடைத்து நிழலில் காயவைக்கட்டும்.

பிளாக் வழுக்குவதற்குக் காரணம் ஆணி குட்டை, மண் உதிரி. எட்டு அங்குல ஆணி வாங்கி, பின்பக்கமாகச் சாய்த்து அடியுங்கள், செங்குத்தாக அல்ல. முந்தின மாலை அந்த இடத்தை நனைத்து மண்ணை இடித்து வையுங்கள். அப்படியும் அசைந்தால் ஒரு மாணவன் பின்னால் நின்று பிளாக்கின் வாலை மிதித்துக்கொள்ளட்டும்.

தூரத்தை அவன் பாதத்தாலேயே அளங்கள்: கோட்டிலிருந்து முன் பலகை இரண்டு பாதம், பின் பலகை மூன்று பாதம். முன் பலகை 45 டிகிரி, பின் பலகை கொஞ்சம் செங்குத்தாக. தாண்டுகிற கால், இவனுக்கு இடது, பெரும்பாலும் முன்னால் வரும். ஆனால் அதே முட்டியில்தான் வலி. இரண்டு விதமாகவும் 10 மீட்டர் ஓடவிட்டுப் பார்த்து, நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் இந்த ஆறு வாரம் வலதை முன்னால் வையுங்கள். "செட்" சொன்னதும் இடுப்பு தோளைவிடச் சற்று மேலே, முன் முட்டி ஏறக்குறைய 90 டிகிரி, பின் முட்டி 120-130. இரண்டாம் அடியிலேயே நிமிர்ந்துவிட்டான் என்றால் பலகைகள் கோட்டுக்கு நெருக்கம். இரண்டையும் 5 செ.மீ. பின்னே தள்ளுங்கள். முகம் குப்புற விழப் போகிறான் என்றால் இடுப்பு அதிகம் தூக்குகிறான். பழகாத கைகள் வேறு, செட்டில் நடுங்கும். ஒரு நாளைக்கு ஆறு ஸ்டார்ட், வாரம் இரண்டு நாள், அதற்கு மேல் வேண்டாம்.

தப்பான புறப்பாடு ஒன்றுக்கே வெளியேற்றம் என்பது 2010-லிருந்து உள்ள விதி. பயிற்சியில் "செட்"டுக்கும் விசிலுக்கும் இடைவெளியை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். சில சமயம் ஊதாமலே "எழுந்திரு" என்று சொல்லுங்கள். தாளம் பிடித்துக் கிளம்புகிற பிள்ளைகள்தான் மாவட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இறால் குட்டை:

பெண் பிள்ளைகளுக்கும் இதே அட்டவணைதானா? எட்டாம் வகுப்பு மாணவி, 200 நன்றாக ஓடுகிறாள், ஆனால் ஒரு மாதமாகச் சோர்வு.

எலும்பு தசை:

அட்டவணை அதேதான், தூரத்தில் கால்வாசி குறையுங்கள். சோர்வுக்கு முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழ் இருந்தால் பயிற்சியைக் கூட்டுவதில் பயனில்லை. பள்ளியில் வாரம் ஒரு முறை தருகிற நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் முழுங்குகிறாளா, வெளியே துப்புகிறாளா என்று பாருங்கள். முழுங்கியபின் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். குறைவு அதிகம் என்றால் மருத்துவர் தினசரி மாத்திரை எழுதுவார். மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் வராமல் நின்றிருந்தால் அது சாப்பாடு பற்றாக்குறையின் அடையாளமாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கச்சான்:

பி.டி. சார், ஒண்ணு விட்டுப்போச்சு. மேல் போட்டி சிந்தெடிக் ட்ராக்ல நடந்தா, அன்னைக்குத்தான் பையன் அதுல முதல் தடவ கால் வைக்கிற மாதிரி விட்டுடாதீங்க. தரை திருப்பித் தள்ளுற வேகத்துல கெண்டக்கால் கல்லாயிடும். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு ஒரு பத்து நாள் முன்னாடி கூட்டிட்டுப் போயி, 30 மீட்டர் நாலு, 60 மீட்டர் ரெண்டு, அவ்வளவுதான். வளைவுல ஒரு 80 மீட்டரும் ஓடிப் பார்க்கட்டும். 200-க்கு ரெண்டாம் லேனோட கிளம்புற கோடு முதல் லேனவிட 3.52 மீட்டர் முன்னால இருக்கும், அதுக்கப்புறம் லேனுக்கு 3.83. நம்ம பள்ளி மைதானத்துல இதெல்லாம் பார்த்திருக்க மாட்டான். முன்னால நிக்கிறவன் ஜெயிக்கிறான்னு பயந்து முதல் 50 மீட்டர்லயே எல்லாத்தையும் கொட்டிடுவான். பிளாக்கும் அங்க வேற மாதிரி, பலகைய நகர்த்துற பல்லு எண்ணிக்கை வேற. பாதக் கணக்குதான் மனசுல இருக்கணும். லேனுக்குப் போனதும் அளந்து வச்சு, நேரம் தர்றப்பவே ரெண்டு தடவ கிளம்பிப் பார்த்துடச் சொல்லுங்க.